கேம்ப்புக்குக் கூட எடுத்துட்டுப் போக எந்த சைக்கிள்? (போடிமெட்டு, பூப்பாறை, சூரியநெல்லி பக்கம்)

பிப்ரவரி 4, வாசகர் கேள்வி

அண்ணே, நான், வீட்டுக்காரம்மா, ரெண்டு பிள்ளைங்க. தேனியில இருந்து கார்ல கிளம்பி சூரியநெல்லி பக்கம் ஒரு தனியார் இடத்துல டென்ட் போட்டுத் தங்கப் போறோம். இனிமே லீவு கிடைக்கிறப்பல்லாம் போற எண்ணம். காலையில தேயிலைக்குள்ள சுத்த, பக்கத்துக் கடைக்குப் போய் பால், ரொட்டி வாங்கிட்டு வர ஒரு சைக்கிள் கூடவே வேணும். கடையில 21 கியர், அலாய் பிரேம், முன்னாடி சஸ்பென்ஷன்னு அடுக்குறாங்க. மச்சான் ஒரே பிடியா மடக்கு சைக்கிள்தான் சரி, டிக்கியில போட்டுக்கலாம்கிறாரு. கையில பதினஞ்சாயிரம் இருக்கு. எதை எடுக்க?

பிப்ரவரி 4, இரவு

கடையில நுழைஞ்சதும் கியர் எத்தனைன்னு கேக்காதீங்க. பிரேக் என்ன, ரிம் என்ன, கேரியர் மாட்ட ஓட்டை இருக்கா, இந்த மூணையும் கேளுங்க. மலைக்கு சைக்கிளைக் கார் ஏத்திவிட்டுடும். மேல போய் ஏத்தம் முடியலைன்னா இறங்கித் தள்ளலாம், யாரும் கேக்க மாட்டாங்க. இறக்கத்துல நிக்கலைன்னா அதுக்கு மாத்து வழியே கிடையாது.

ஒரு கணக்கு பாருங்க. ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 100 கிலோன்னு வைங்க. போடிமெட்டுல இருந்து மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுல கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குது. அந்த உயரத்துல இருக்கிற சக்தி முழுக்க வெப்பமா மாறினா மூணு லிட்டர் பச்சத்தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். கொஞ்சம் காத்துல போயிடும். மீதி பூரா உங்க பிரேக் கட்டையும் ரிம்மும், இல்லைன்னா அந்தச் சின்ன டிஸ்க் தகடும்தான் தாங்கணும். அக்கா பையன் ஒரு தடவை புது வண்டியில, ரெண்டு பிரேக்கையும் விடாம இழுத்துப் பிடிச்சபடியே கீழ வந்தான். முந்தல் செக்போஸ்ட் கிட்ட நிறுத்திப் பார்த்தா வெள்ளி மாதிரி இருந்த தகடு அங்கங்க மயில்கழுத்துக் கலர்ல மாறிக் கிடந்துச்சு. கட்டை கருகின வாசனை. பிரேக்கை இழுத்தா ஹேண்டில் வரைக்கும் லிவர் வருது, பிடி இல்ல. கீழ வந்து சேர்ந்தபிறகுதான் இது தெரிஞ்சது. பத்தாவது வளைவுல தெரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?

நீங்க மெட்டு முழுக்க இறங்கப்போறதில்லைதான். ஆனா சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கம் சமதரைன்னு ஒண்ணு கிடையாது. கேம்ப்புல இருந்து பால் கடைக்குப் போறதே ஒரு இறக்கம்.

என் பதில்: கேபிள்ல இயங்குற டிஸ்க், இல்லைன்னா அலாய் (அலுமினிய) ரிம்மோட வி-பிரேக், அதாவது ரெண்டு பக்கமும் கட்டை ரிம்மை அழுத்திப் பிடிக்கிற பிரேக். 26 இஞ்ச் அல்லது 27.5 சக்கரம். டயர் அகலம் 1.95 பக்கம். முன்னாடி சஸ்பென்ஷன் இல்லாத நேர் போர்க் (முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கவை). பின்னாடி கேரியர் மாட்ட ஓட்டை. பிரேம் இரும்பா அலுமினியமாங்கிறது இதுக்கெல்லாம் அப்புறம்தான்.

பிப்ரவரி 5, காலை

"எங்க தாத்தா 28 இஞ்ச் வண்டியிலயே மலை இறங்கினாரு, இப்ப என்ன டிஸ்க்"னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயமான கேள்வி. அந்த வண்டி மேல எனக்கு இருக்கிற மரியாதை கொஞ்சநஞ்சமில்ல. 1949-ல அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பிச்சதுல இருந்து, அந்த மாதிரி வண்டிங்கதான் நம்ம ஊர்ல பால், மீன், ஐஸ், ஏலக்காய் மூட்டை எல்லாத்தையும் சுமந்துச்சு. முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. சுமை எங்க விழும்னு தெரிஞ்சு செஞ்ச சக்கரம் அது. செயின் கவர் இருக்கு, வேட்டி சிக்காது. கேரியர்ல ஒரு ஆளையே உக்கார வெக்கலாம்.

ஆனா அந்த வண்டி சமவெளிக்குச் செஞ்சது. கம்பி பிரேக், குரோம் பூசின இரும்பு ரிம். காஞ்சு கிடக்கிறப்போ பிடிக்கும். போடிமெட்டுல மஞ்சு இறங்கி ரிம் நனைஞ்சுட்டா வழுக்கிட்டே போகும், சக்கரம் ரெண்டு மூணு சுத்து சுத்தி ஈரம் துடைபட்ட பிறகுதான் பிடி கிடைக்கும். எங்க பெரிய மாமா தோட்டத்துல கணக்குப்பிள்ளையா இருந்தவர். சனிக்கிழமை சனிக்கிழமை அந்த வண்டியில வீட்டுக்கு இறங்குவார். மெட்டுல ஒரு நல்ல மரக்கொப்பா வெட்டி, கயித்துல கேரியரோட கட்டி, பின்னாடி தரையில இழுபட விட்டுத்தான் இறங்குவாராம். கீழ முந்தல்ல அவிழ்த்துப் போட்டா அடுப்புக்கு விறகு. இது அந்தக் காலத்துல பல பேர் செஞ்சது. இன்னைக்கு இருக்கிற லாரி, பஸ் நெரிசல்ல கொப்பு கட்டி இறங்கினா பின்னாடி வர்ற பைக்காரன் அதுல ஏறிடுவான்.

தாத்தா இறங்கினாரு, சரி. அவருக்கு வேற வழி இல்ல. உங்களுக்கு இருக்கு.

பிப்ரவரி 5, மதியம்

ரிம் அலாயா இரும்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கன்னு கேட்டவருக்கு: பிரிட்ஜ் கதவுல ஒட்டுற காந்தம் ஒண்ணைச் சட்டைப்பையில போட்டுட்டுப் போங்க. ஒட்டினா இரும்பு. அவ்வளவுதான். கடைக்காரர் சொல்றதையோ ஸ்டிக்கரையோ பார்க்க வேண்டாம். வி-பிரேக் வாங்குறவங்களுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. டிஸ்க் வண்டியில ரிம்ல பிரேக் படாது.

பிப்ரவரி 7

கியரைப் பத்திச் சொல்லாம விட்டா விட மாட்டேங்கிறீங்க. சரி.

கியர் இல்லாத 26 இஞ்ச் வண்டியில முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல்னு இருந்தா, ஒரு முழுச் சுத்து மிதிச்சா வண்டி 5 மீட்டர் போகும். 21 கியர் வண்டியில முன்னாடி சின்னது 24, பின்னாடி பெருசு 28னு இருந்தா அதே சுத்துக்கு 1.8 மீட்டர்தான் போகும். கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. அதாவது ஏத்தத்துல காலுக்கு மூணுல ஒரு பங்கு அழுத்தம், ஆனா மூணு மடங்கு தடவை மிதிக்கணும். மலைக்கு வேண்டியது அந்த ஒரு சின்ன கியர்தான். அது இருக்கிற வண்டியா பாருங்க: பின்னாடி இருக்கிற பெரிய பல்சக்கரத்தைவிட முன்னாடி இருக்கிற சின்னது சின்னதா இருக்கணும். கண்ணாலயே தெரியும், எண்ண வேண்டியதில்ல. 21ஆ, 24ஆ, 27ஆங்கிற சண்டை கேம்ப்புக்குத் தேவையே இல்லாதது. சொல்லப்போனா முன்னாடி ஒரே ஒரு பல்சக்கரம், பின்னாடி ஏழு எட்டு இருக்கிற வண்டி, பல்லோட அளவு சரியா இருந்தா இன்னும் நல்லது. கார்ல ஏத்தி இறக்கும்போது அடிபடுறதுக்கு ஒரு சாமான் குறைவு.

பிப்ரவரி 8

மடக்கு சைக்கிள். மச்சான் கோவிச்சுக்க வேண்டாம், அவர் சொல்றதுல பாதி சரி.

டிக்கியில போகும், வீட்டுக்குள்ள வெக்கலாம், களவு போகாது. இதெல்லாம் பெரிய விஷயம். ஆனா 20 இஞ்ச் சக்கரம். எஸ்டேட் ரோடுன்னா தார் போட்டிருக்கும்னு நினைக்காதீங்க. பிரதான ரோட்டை விட்டு உள்ள திரும்பின உடனே கல் பாவின ரோடு, ஜீப் டயர் அரைச்சுப் போட்ட ஜல்லி. 29 இஞ்ச் சக்கரம் உருண்டு கடந்துபோற குழியில 20 இஞ்ச் இறங்கி உக்காந்துடும், கைக்கு நேரா அடி வரும். இன்னொண்ணு, ரிம்ல பிடிக்கிற பிரேக்கா இருந்தா சின்ன ரிம் சீக்கிரம் சூடேறும், ஏன்னா அந்தச் சூட்டைப் பகிர்ந்துக்க உலோகம் குறைவு. ஹேண்டில் தண்டும் உயரமா, நடுவுல மடிப்போட வரும். இறக்கத்துல பாரத்தை அதுமேல சாய்ச்சா ஆட்டம் தெரியும்.

யாருக்கு மடக்கு சைக்கிள் சரின்னா, ரயில்ல வர்றவங்களுக்கு. 2023 ஜூன்ல இருந்து சென்னை ரயில் போடி வரைக்கும் வருது. முழு சைக்கிள்னா பார்சல்ல புக் பண்ணி, சாக்கு சுத்தி, இறங்கின இடத்துல காத்திருந்து வாங்கணும். மடக்கினதைப் பையில போட்டுக் கையோட கொண்டு வரலாம்னு பலர் வர்றாங்க. ஆனா பெட்டிக்குள்ள கொண்டு வர்ற சாமானுக்கு ரயில்வே சொல்ற அளவு 100 × 60 × 25 செ.மீ. மடக்கின 20 இஞ்ச் வண்டி நீளத்துல அடங்கிடும், தடிமன்ல 25-ஐத் தாண்டிடும். ஏசி மூணடுக்குல அளவு இன்னும் சின்னது. டிடிஇ கேட்டா பதில் சொல்லத் தயாரா இருங்க, இல்லைன்னா லக்கேஜா புக் பண்ணிடுங்க.

தேனியில இருந்து கார்ல போறவருக்கு இது வேண்டாம்.

பிப்ரவரி 10

"கூட எடுத்துட்டுப் போறது"ங்கிறதைப் பத்தி யாருமே பேசலையே. வண்டியைத் தேர்ந்தெடுக்கிறதுல பாதி அதுதான்.

நம்ம பக்கம் இதுல கைதேர்ந்தவங்க தோட்ட ஜீப் டிரைவருங்க. தேனி, போடி, கம்பத்துல இருந்து தினமும் விடியக்காலையில ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திட்டு கேரளாவுக்குள்ள போற ஜீப்புங்க. மேல கேரியர்ல சாப்பாட்டுத் தூக்குல இருந்து உர மூட்டை வரைக்கும் ஏத்துவாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு டிரைவர் அண்ணன் சைக்கிள் கட்டுறதைப் பார்க்கணும். முதல்ல படுக்க வெக்கும்போது செயின் பக்கம் மேல. செயின் பக்கம் கீழ போச்சுன்னா பின்னாடி கியர் மாத்துற கொக்கி வளைஞ்சுடும், அதுக்கப்புறம் எந்த கியரும் ஒழுங்கா விழாது. அடியில ஒரு பழைய டயரைப் போடுவார். பழைய டியூபைக் கீறி நீட்டமா வெச்சிருப்பார், கயிறு கிடையாது. டியூபை இழுத்துக் கட்டினா வளைவுக்கு வளைவு அது தானா இறுகும், பெயின்ட்டும் போகாது. கடைசியா ஹேண்டிலையும் பிரேமையும் சேர்த்து ஒரு முடிச்சு, ஹேண்டில் திரும்பாம. அப்புறம் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்குவார். ஜீப் ஆடணும், சைக்கிள் ஆடக் கூடாது.

கார்னா மூணு வழி. பின்சீட்டை மடக்கி உள்ள வெக்கிறது, டிக்கி மேல பெல்ட் போட்டு மாட்டுற ஸ்டாண்ட், கூரை மேல. பின்னாடி மாட்டினா நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறையாம பாருங்க, மறைஞ்சா அபராதம். கூரையில மாட்டினா மேல ஒரு மீட்டருக்கு மேல உயரம் கூடுதுங்கிறதை மறந்து போர்டிகோவுக்குள்ள நுழைஞ்சவங்க நிறைய. உள்ள வெக்கிறதுதான் எனக்குப் பிடிச்சது. முன்சக்கரத்தைக் கழட்டணும், அதுக்கு கையாலயே திறக்கிற குவிக் ரிலீஸ் இருந்தா நல்லது. கழட்டின பிறகு போர்க்கோட ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு மரத்துண்டு சொருகி வைங்க, மேல மூட்டை விழுந்தா வளையாம இருக்கும். பெடலைக் கழட்டணும்னா 15 சைஸ் ஸ்பேனர். இடது பெடல் மரை எதிர்ப்பக்கம் திரும்பும். தெரியாம பலம் போட்டு மரையைத் தின்ன வெச்சுடாதீங்க.

பிப்ரவரி 11

நேத்து எழுதினதை வெச்சுப் பார்த்தா, 4-ஆம் தேதி டிஸ்க்கையும் வி-பிரேக்கையும் ஒரே தட்டுல வெச்சதைக் கொஞ்சம் பிரிச்சுச் சொல்லணும்.

டிஸ்க் மழையில நல்லாப் பிடிக்கும், சகதியில நல்லாப் பிடிக்கும், ரிம் கோட்டமானாலும் பிரேக் வேலை செய்யும். ஆனா ஏத்தி இறக்குறதுல அந்தத் தகடுதான் முதல்ல அடி வாங்கும். கழட்டின சக்கரத்தை தகடு பக்கம் கீழ வெச்சு மேல ஸ்டவ்வை வெச்சா முடிஞ்சது கதை, அதுக்கப்புறம் சுத்துக்கு ஒரு தடவை 'சர்க் சர்க்'னு உரசும். ஆயில் பிரேக்கா இருந்தா இன்னும் ரெண்டு தொல்லை: சக்கரம் கழட்டினப்போ பிள்ளைங்க லிவரை அமுக்கினா உள்ள ரெண்டு கட்டையும் ஒட்டிக்கும், சக்கரத்தைத் திரும்ப மாட்ட முடியாது, தலைகீழா வெச்சா சில வண்டியில காத்து ஏறி பிரேக் பஞ்சு மாதிரி ஆயிடும். சக்கரம் கழட்டினதும் ரெண்டு கட்டைக்கும் நடுவுல ஒரு அட்டைத்துண்டு சொருகி வெக்கிறது பழக்கமாகணும்.

அதோட, கேரியர் மாட்டுற இடத்துலயே டிஸ்க் பிரேக்கோட உடம்பு உக்காந்திருக்கும். சாதாரணக் கேரியர் கால் அதுல இடிக்கும். நீளமான போல்ட்டும் இடையில வெக்க ஒரு குழாய்த் துண்டும் வேணும், இல்லைன்னா டிஸ்க் வண்டிக்குன்னே வர்ற கேரியர்.

அதனால இப்படி வெச்சுக்கலாம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சாரல்ல போறவங்க, சகதிக்குள்ள ஓட்டுறவங்க கேபிள் டிஸ்க். டிசம்பர் முதல் ஏப்ரல் வரைக்கும் லீவுல போற குடும்பம், கேரியர்ல சாமான் கட்டி ஓட்டணும்னா அலாய் ரிம், வி-பிரேக். கேள்வி கேட்டவர் ரெண்டாவது ரகம்.

பிப்ரவரி 11, இரவு

விட்டுப்போச்சு. கேரியர்ல பக்கவாட்டுப் பை தொங்க விடுறதா இருந்தா, கடையிலயே பையை மாட்டி மிதிச்சுப் பாருங்க. எம்டிபி (மலைச் சைக்கிள்) வண்டியில பின்சக்கரம் சீட்டுக்கு ஒட்டி இருக்கும். பெடல் பின்னாடி போறப்போ குதிகால் பையில இடிக்கும். பெரிய கால் உள்ளவங்களுக்கு நிச்சயம் இடிக்கும். அப்படி இடிச்சா பையைப் பின்னாடி தள்ளி மாட்டணும், அப்ப பாரம் பின்னாடி போய் ஏத்தத்துல முன்சக்கரம் லேசாயிடும். அலுமினியக் கேரியர் பலதுலயும் 25 கிலோன்னு அச்சடிச்சிருக்கும். அது ஆள் உக்கார இல்ல.

பிப்ரவரி 13

சஸ்பென்ஷன் வேணும்னு ரெண்டு பேர். பதினஞ்சாயிரத்துல வர்ற சஸ்பென்ஷன் போர்க்குங்கிறது குழாய்க்குள்ள ஒரு ஸ்பிரிங். ஒரு கிலோவுக்கு மேல எடை கூடும், மழைத்தண்ணி இறங்கித் துரு ஏறும், நீங்க எழுந்து நின்னு மிதிக்கிறப்போ உங்க பலத்தைத் தின்னும். அகலமான டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சு விட்டா அதைவிட சுகமா இருக்கும். காத்து செலவில்லாத ஸ்பிரிங்.

ஆனா நாலு இஞ்ச் தடிச்ச டயர் வண்டி (இப்ப பசங்க எல்லாம் கேக்குறது) வேண்டாம். பார்க்க ஜோரா இருக்கும். எடை அதிகம், அந்த டியூப் பூப்பாறையில கிடைக்காது, காருக்குள்ளயும் அடங்காது.

பிப்ரவரி 14

பேட்டரி சைக்கிள் பத்தி. 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உள்ள இருந்தா லைசென்ஸ், பதிவு எதுவும் தேவையில்ல, அது சரி. ஆனா மெட்டு ஏறிடலாம்னு நினைக்கிறவங்க கணக்கைப் பாருங்க. ஆளும் வண்டியும் 110 கிலோன்னா ஆயிரம் மீட்டர் தூக்குறதுக்கு, ஒரு சொட்டு வீணாகலைன்னு வெச்சாலே, 300 வாட்-அவர் வேணும். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-அவர் பேட்டரியில இருக்கிறதே 270. நீங்களும் சேர்ந்து மிதிச்சா ஏறலாம். பாதியில தீர்ந்தா அந்த எடையோட தள்ளணும். மேல டென்ட்டுல சார்ஜ் போட பிளக் இருக்கான்னு முதல்லயே கேட்டுக்கோங்க. கேம்ப்புல தங்கி சும்மா சுத்துறதுக்கு, முட்டிவலி இருக்கிறவங்களுக்கு, நல்ல வண்டி. எங்க அத்தை ஒருத்தங்க அதுலதான் சாந்தன்பாறை சந்தைக்குப் போறாங்க, ரொம்ப சந்தோஷமா இருக்காங்க.

பிப்ரவரி 16

சைக்கிளை விட்டு வெளிய போறேன், இதைச் சொல்லித்தான் ஆகணும்.

"விடியக்காலை அஞ்சு மணிக்கு ஆனையிறங்கல் டேம் வரைக்கும் ஒரு ரைடு"ன்னு ஒரு தம்பி எழுதியிருக்கார். வேண்டாம் தம்பி. அந்த டேமோட பேரையே ஒரு தடவை நிதானமாப் படிங்க. சின்னக்கானல் பக்கத்துல 2023 ஏப்ரல் கடைசியில அரிக்கொம்பன்கிற காட்டு யானையைப் பிடிச்சுப் பெரியாறு காட்டுல விட்டாங்க. ஒரு மாசத்துக்குள்ள அது கம்பம் டவுனுக்குள்ள வந்து நின்னுச்சு. ஜூன்ல திரும்பப் பிடிச்சு களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனாங்க. அது போனதால மத்த யானைங்க போயிடலை. சைக்கிள்ல சத்தமே வராது. பைக், ஜீப்னா யானைக்கு முன்கூட்டியே தெரியும், ஒதுங்கும். நீங்க வளைவுல திரும்பினா ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல அதிர்ச்சி. அதுலயும் ஏத்தத்துல திரும்பி மிதிச்சு ஓடுறதுங்கிறது நடக்காத காரியம். நல்லா வெயில் ஏறின பிறகு, தோட்ட வேலைக்கு ஆளுங்க நடமாட ஆரம்பிச்ச பிறகு கிளம்புங்க. தேயிலை கிள்ளுறவங்ககிட்ட "இன்னைக்கு எந்தப் பக்கம்?"னு கேட்டாப் போதும், ராத்திரி எங்க நின்னுச்சுன்னு சொல்லிடுவாங்க. அவங்களுக்குத் தெரியாம அங்க எதுவும் அசையாது. இருட்டறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கேம்ப்புக்குத் திரும்பிடுங்க.

அதே மாதிரி, காட்டுக்குள்ள கண்ட இடத்துல டென்ட் போடுறது. 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீ நம்ம ஊருக்கு மேல, கொழுக்குமலைக்குக் கீழ நடந்தது. இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. போடியில ஆம்புலன்ஸ் சத்தம் கேட்ட அந்த ராத்திரி இங்க யாரும் தூங்கலை. பிப்ரவரி, மார்ச்சுல புல் காஞ்சு கிடக்கும், மேல காத்து திசை மாறிட்டே இருக்கும். அனுமதி உள்ள இடம், வெளிய போக ரெண்டு வழி உள்ள இடம், அங்க மட்டும் தங்குங்க. புல்மேட்டுல அடுப்பு பத்த வெக்காதீங்க. சின்னாறு, மறையூர் வழியா போறவங்களுக்கும் இதேதான்: காட்டு ரோட்டுல நிக்காதீங்க, கேட் எத்தனை மணிக்கு மூடுவாங்கன்னு செக்போஸ்ட்லயே கேட்டுக்கோங்க.

பிப்ரவரி 19

பஞ்சர். மலை மேல முள் குறைவு. கீழதான், தேனியில கருவேல முள்ளும் நெருஞ்சியும். வீட்டுல இருந்து கிளம்புறப்பவே ஏறின முள் மேல போய்த்தான் வேலையைக் காட்டும். அதனால கிளம்புற முதல் நாள் ராத்திரி காத்து அடிச்சு வெச்சுட்டுக் காலையில அமுக்கிப் பாருங்க. இறங்கியிருந்தா வீட்டுலயே ஒட்டிடுங்க.

வால்வு எதுன்னு பார்த்து வாங்குங்க. நம்ம பழைய சைக்கிள்ல உள்ள வால்டியூப் போட்ட வால்வு, காரு பைக்குல இருக்கிற தடிச்ச வால்வு, ரேஸ் சைக்கிள்ல இருக்கிற ஒல்லி வால்வு. நடுவுல சொன்னதை வாங்குங்க. பெட்ரோல் பங்க்ல அடிக்கலாம், ஜீப் டிரைவர்கிட்ட இருக்கிற பம்புல அடிக்கலாம், லாரி பட்டறையில அடிக்கலாம். ஒல்லி வால்வுக்கு அந்தச் சின்ன பித்தளை மூடி ஒண்ணு கையில இல்லைன்னா பூப்பாறையில யாரும் உதவ முடியாது. 26 இஞ்ச் டியூப் சின்ன ஊர்லயும் கிடைக்கிறதுதான் நான் அந்த அளவைச் சொல்றதுக்குக் காரணம். 27.5, 29 வாங்கினா மாத்து டியூப் ஒண்ணை நீங்களே வெச்சுக்கணும்.

26-னு எழுதியிருந்தா எல்லா 26-ம் ஒண்ணு இல்ல. 26 × 1.95-ங்கிற எம்டிபி டயர் 559 மி.மீ. ரிம்முக்கு. பழைய லேடீஸ் வண்டி 26 × 1 3/8 டயர் 590 ரிம்முக்கு. ரெண்டும் மாறி உக்காராது. டயர் ஓரத்துல சின்ன எழுத்துல போட்டிருக்கும், அதைப் படிச்சு வாங்குங்க.

பிப்ரவரி 22

முதல்ல கேள்வி கேட்டவர் வண்டி வாங்கிட்டதா எழுதியிருக்கார். யாரோ ரெண்டு வருஷம் ஓட்டி மூலையில போட்டு வெச்ச 26 இஞ்ச், நேர் போர்க், வி-பிரேக். காந்தம் ஒட்டலையாம். பாதி விலைக்கு முடிஞ்சது. மிச்சக் காசுல பொண்ணுக்கு ஒரு 20 இஞ்ச் வண்டி. ரொம்ப நல்ல முடிவு, பிள்ளைங்களும் ஓட்டினாத்தான் அது கேம்ப்.

பெரிய வண்டிக்கு: போடியில எந்தக் கடையிலயாவது ஒரு ஓவராயில் பண்ணச் சொல்லுங்க. பிரேக் கட்டை நாலும் புதுசு, கேபிள் ரெண்டும் புதுசு. பின்சக்கரக் கோட்டம் எடுக்கச் சொல்லும்போது பக்கத்துல நின்னு பாருங்க. கம்பியை ரெண்டு ரெண்டா சேர்த்துப் பிடிச்சு அமுக்கினா எல்லாம் ஒரே விறைப்பா இருக்கணும். ஒண்ணு மட்டும் தொளதொளன்னு இருந்தா சுமையோட இறங்குறப்போ அதுக்குப் பக்கத்துக் கம்பிதான் முறியும். ரிம் ஓரத்துல நகத்தை வெச்சு உரசிப் பாருங்க, குழிஞ்சு பள்ளமா இருந்தா ரிம் தேய்ஞ்சு போச்சு, மாத்தணும். கட்டை மேல பளபளன்னு மினுங்கினா உப்புத்தாள்ல ஒரு தேய்.

பிப்ரவரி 23

பொண்ணு வண்டியைப் பத்தித் தனியா ஒரு கேள்வி: "பிரேக் பிடிக்கத் தெரியலை, காலைத் தரையில தேய்க்குது." தெரியலைன்னு இல்ல, விரல் எட்டலை. லிவர் பக்கத்துல, ஹேண்டிலை ஒட்டி ஒரு சின்ன திருகு இருக்கும். அதை உள்ள திருகினா லிவர் கைக்குக் கிட்ட வரும். திருகி முடிச்ச பிறகு கட்டை ரிம்ல உரசினா கேபிளைக் கொஞ்சம் தளர்த்தணும். ஒரே கையால, ரெண்டு விரல்ல இழுத்து வண்டியை நிறுத்த முடியுதான்னு தெருவுல பாருங்க. வலது லிவர் முன்சக்கரமா பின்சக்கரமான்னு சக்கரத்தைச் சுத்தி விட்டு நீங்களே பார்த்துட்டு, பிள்ளைக்குக் காட்டிக் கொடுங்க. பெரியவங்க "முன் பிரேக் பிடிக்காதே, குப்புற விழுவே"ன்னு சொல்லிப் பயமுறுத்தி வெச்சிருப்பாங்க. நிக்க வைக்கிறதுல பெரும்பங்கு முன் பிரேக்தான். ரெண்டையும் சேர்த்து, முதல்ல மெதுவா, அப்புறம் அழுத்திப் பிடிக்கப் பழக்குங்க. வளைவுக்குள்ள போய்ப் பிடிக்கக் கூடாது, வளைவுக்கு முன்னாடி வண்டி நேரா இருக்கிறப்பவே பிடிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு விட்டுடணும். விடாம இழுத்துப் பிடிச்சுட்டே வரவும் வேண்டாம். நீளமான இறக்கம்னா நடுவுல நிறுத்துங்க, தண்ணி குடிங்க, ரிம் ஆறட்டும்.

இதையெல்லாம் மேல போய்ச் சொல்லிக் கொடுக்காதீங்க. தேனியிலயே ஏதாவது ஒரு பாலத்து இறக்கத்துல, ஞாயித்துக்கிழமை காலையில, ரோடு காலியா இருக்கிறப்போ ஓட்ட விடுங்க. ஹெல்மெட் சைஸ் பார்த்து வாங்குங்க, அண்ணனோடதைப் போட்டுவிட வேண்டாம். தாடைக்கும் வாருக்கும் நடுவுல ரெண்டு விரல் போற அளவு.

பிப்ரவரி 25

புது கேபிள் போட்டாச்சுன்னா கொஞ்ச நாள் ஓட்டினதும் அது நீளும், லிவர் தளரும். அது பழுது இல்ல. லிவர்ல கேபிள் நுழையுற இடத்துல ஒரு வட்டத் திருகு இருக்கு, அதை வெளிப்பக்கம் திருகினா இறுகிடும், கருவி எதுவும் வேண்டாம். சூரியநெல்லிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஊருக்குள்ளயே ஓட்டி அதை இறுக்கிட்டுப் போங்க. 15 ஸ்பேனர், ஆலன் கீ செட், ஒரு டியூப், பம்பு, கீறின பழைய டியூப் நாலு. இதுக்கு மேல ஒண்ணும் எடுத்துட்டுப் போக வேண்டாம்.